எந்த சாஃப்ட்வேர் என்று நான் தேடிக்கொண்டிருந்த மாதங்கள்

ஈஜிபுரா மெயின் ரோட்டில் நான் காய்கறி வாங்கும் கடையை ஒட்டிப் புதிதாக ஒரு மொபைல் ரிப்பேர் கடை வந்திருக்கிறது. நேற்று மாலை கீரைக்கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்து அந்த வாசனை வந்தது. ஈயம் வைக்கும் சூடான அயர்ன் ஃப்ளக்ஸ் பசையைத் தொட்டதும் எழுமே, தொண்டையில் லேசாகப் பிடிக்கும் புகை, அதுதான். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ, கீரைக்காரம்மா "பேக்கா, பேடவா மேடம்?" என்று அலுத்துக்கொண்டாள். வேண்டுமா வேண்டாமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெறும் பையோடு வீட்டுக்கு வந்து, இத்தனை வருடம் எழுதாத ஒன்றை உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நல்லதாகத் தொடங்குகிறேன். நாம் வேலை பார்த்த கம்பெனியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்குப் போர்டு செய்தார்கள். பச்சைத் தகடுகள் தட்டுத் தட்டாக வரும். பாகங்களைச் செருகி ஈயம் வைப்பது என் வேலை. நான் வைத்ததைப் பூதக்கண்ணாடி விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, பிழை கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது உன் வேலை. நான் சேர்ந்த முதல் வாரம் என் தட்டு முழுக்கச் சிவப்பு. நீ எழுந்து வந்து என் மேசை மேல் கையூன்றி நின்றாய்.

"இன்னாடி இது? ஈயம் வெச்சியா, எச்ச துப்புனியா?"

லைனில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் நீயே உன் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் அமர்ந்தாய். "அழுவாத. மேல பாத்தா புடிச்சா மாதிரி இருக்கும், உள்ள புடிச்சிருக்காது. அதான் ட்ரை சால்டர். இன்னிக்கி வேல செய்யும், நாளைக்கி கால வாரிடும்" என்றாய். அன்றிலிருந்து ஆறு வருடம், கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டு. நீ விவேக் நகரில் இறங்குவாய். வியாழக்கிழமைகளில் கோயில் கூட்டத்தில் பஸ் நகராது. நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "குழந்தை ஏசுவே, உன்னாலதான்யா லேட்டு" என்று சண்டை போடுவாய்.

அந்த வாய்தான் முதலில் போனது. 'ர' வராமல் தடுமாறியது. சூப்பர்வைசர் நீ விளையாடுவதாக நினைத்தார். பிறகு டிபன் டப்பாவின் மூடியைத் திறக்க என்னிடம் நீட்ட ஆரம்பித்தாய். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு நோய் என்று நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார்கள். அறிவு கடைசிவரை தெளிவாக இருக்கும், உடம்பு மட்டும் ஒவ்வொன்றாக நிற்கும் என்றார்கள். மருந்து என்ன என்று நான் கேட்டதற்கு டாக்டர், "நல்லா பாத்துக்குங்க" என்றார். உனக்கு அப்போது முப்பத்து நாலு வயது.

கோயிலுக்குப் பின்சந்தில், மாடியில் ஒற்றை அறை வீடு. நீயும் அம்மாவும்தான். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் கீழேயிருந்த குழாயில் வரும். அம்மா குடங்களோடு இறங்கினால் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில் எச்சில் புரையேறினால் மாடியிலிருந்து கூப்பிட உனக்குக் குரல் இல்லை. அம்மா இதைச் சொல்லும்போது குற்றம் செய்தவள்போல் முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அடுத்த நாளே நான் ஒரு பெல் செய்துகொண்டு வந்தேன். வரிசையாக ஓட்டைகள் போட்ட சாதாரணப் போர்டு, இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு பாட்டரி. இரண்டு செம்புப் பட்டைகளின் மேல் விரலை வைத்தால் போதும், அழுத்த வேண்டியதில்லை. சத்தம் எழுப்பும் பஸ்ஸரை நீள வயரில் கட்டி, ஜன்னல் வழியாக இறக்கி, குழாய்க்கு மேலே மாட்டினோம். நீ கட்டைவிரலை வைத்தாய். கீழே 'கீய்ங்' என்று கத்தியது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நீ குழறலாகச் சிரித்தாய். "செக் பண்ணுடி" என்று போர்டை உன் முகத்துக்கு நேரே நீட்டினேன். உன்னால் அதைக் கையில் வாங்கி விளக்குப் பக்கம் திருப்ப முடியவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எப்படியும் என் கை வைத்த ஈயம்தானே என்ற தைரியம்.

மூன்றாவது வாரம் ஒரு காலை அது அடிக்கவில்லை. அம்மா மறந்துபோன ஒரு குடத்தை எடுக்க மேலே வந்ததால்தான் உன்னைப் பார்த்தாள். உதடு நீலமாகிக் கிடந்தாயாம். முதுகைத் தட்டி, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து, எப்படியோ மூச்சு திரும்பியது. மாலையில் நான் போய் போர்டைத் திருப்பிப் பார்த்தேன். வயர் சேரும் இடத்தில் ஒரு ஜாயின்ட், மேலே பளபளப்பாக, உள்ளே ஒட்டாமல். ஒருநாளைக்கு ஆயிரம் வைக்கிறவள் நான்.

அங்கேயே சுடவைத்து அதைச் சரி செய்தேன். வயர் இழுபடாமல் முடிச்சும் போட்டேன். ஆனால் உன் முகத்தைப் பார்த்து, "ட்ரை சால்டர்டி, என் தப்பு" என்று சொல்ல வாய் வரவில்லை. "இந்தப் போர்டே சரியில்ல. நம்ம கம்பெனில வர மாதிரி அச்சுப் போர்டு போட்டுடறேன். அப்பறம் பிரச்சனையே வராது" என்றேன்.

நீ கஷ்டப்பட்டுச் சொன்னாய்: "பே...னால... வரை. போதும்."

செம்புத் தகட்டில் மார்க்கர் பேனாவால் கோடு வரைந்து, ஆசிட்டில் போட்டு எடுத்தால் போர்டு ஆகிவிடும். லைனில் பண்டிகைக்கு மின்மினி விளக்கு செய்ய நாமே அப்படிச் செய்திருக்கிறோம். நான் தலையாட்டினேன். கேட்கவில்லை. எனக்கு முறையாக, கம்ப்யூட்டரில் வரைந்து, பட்டறையில் கொடுத்து வாங்கியது வேண்டும். அந்த ஒரு போர்டில் தவறுக்கே இடம் இருக்கக்கூடாது.

அப்படித்தான் நான் மஞ்சண்ணாவின் பிரௌசிங் சென்டருக்குள் நுழைந்தேன். உங்கள் சந்து முனையில், பிளைவுட் தடுப்பு வைத்து ஆறு கம்ப்யூட்டர். மஞ்சண்ணாவுக்கு நாற்பது வயதிருக்கும், கன்னடக்காரர், நம் தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவார். போர்டு வரைய சாஃப்ட்வேர் வேண்டும் என்றதும், "அதெல்லாம் இன்ஜினியருங்க வேலை இல்லியா மேடம்?" என்றார். பிறகு அவரே தேடிக் கொடுத்தார். திரை நிறைய வந்தது. புதிதாக ஆரம்பிப்பவர் எதை எடுக்கலாம் என்று யாரோ கேட்க, உலகம் முழுக்க ஆட்கள் இங்கிலீஷில் சண்டை போட்டிருந்தார்கள். ஒருவர் ஒன்றைப் புகழ்வார், அடுத்தவர் அதைக் குப்பை என்பார். கடைசியில் எல்லாரும் ஒரே பதிலுக்கு வந்தார்கள்: உங்களுக்கு என்ன தேவையோ அதைப் பொறுத்தது. நோட்டுப் புத்தகத்தில் அதையும் எழுதிக்கொண்டேன்.

என் பட்டியலில் முதலில் இருந்த சாஃப்ட்வேர் இலவசம், ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய போர்டு வரைய விடாது. என் போர்டு தீப்பெட்டி அளவு. இருந்தும் அதை அடித்துவிட்டேன். நாளை உனக்கு இன்னும் பெரியதாக ஏதாவது தேவைப்பட்டால்?

அடுத்தது வெளிநாட்டில் போர்டு செய்யும் ஒரு கம்பெனியே கொடுத்தது. மிகவும் சுலபம். பாகங்களை இழுத்து வைத்தால் போதும். மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தேன். பீன்யாவில் போர்டு அச்சடிக்கும் பட்டறைக்குக் கொடுப்பதற்காகச் சேமிக்கப் போனால், வேறு யாராலும் திறக்க முடியாத வடிவத்தில்தான் சேமித்தது. போர்டை அவர்களிடமே வாங்க வேண்டும், கடல் தாண்டி வர வேண்டும். மஞ்சண்ணா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அய்யோ மேடம், இது அவுங்க கடைக்கி மட்டும் போற பஸ்ஸு" என்றார்.

பிறகு யாரோ காப்பி எடுத்து விற்ற ஒரு சிடி. பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் சாஃப்ட்வேராம், எல்லாம் உண்டாம். எல்லாமே இருந்ததால் எனக்கு வேண்டியது எங்கே என்று தெரியவில்லை. ஒரு துளை வைக்கவே நாலு கேள்வி கேட்டது. மாதக் கணக்கில் தடுமாறி ஒரு வழியாகக் கோடுகளை இணைத்தேன். ஒருநாள் மெஷினே படுத்துவிட்டது. சிடியோடு வைரஸும் வந்திருந்தது. மஞ்சண்ணா மெஷினைச் சுத்தமாகத் துடைத்து ஏற்றியபோது என் படமும் போயிற்று. "சாரி மேடம்" என்றார். தப்பு அவருடையது அல்ல. வெளியே வந்து, உங்கள் வீட்டு மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே ஏறவில்லை.

அந்த மாதங்களில் நீ எப்படி இருந்தாய் என்று யோசித்தால், எனக்கு உன் முகத்தைவிட அந்தத் திரைதான் தெளிவாக நினைவு வருகிறது. இதை உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக சென்டர். அங்கிருந்து உன்னிடம் கால் மணி நேரம். கைப்பையைத் தோளிலிருந்து கழற்ற மாட்டேன். கட்டிலருகில் நின்றபடியே, இன்றைக்கு எந்த மெனு திறந்தது, எது கெடுத்தது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அம்மா "உக்காரு கண்ணு, காபி போடறேன்" என்பாள். "இல்லம்மா, சென்டர மூடிடுவாங்க." இந்தப் பக்கம் உன் பேச்சு முழுதாக நின்றது. அட்டையில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எழுதி, நான் விரலை நகர்த்த, நீ கண்ணை மூடித் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. கட்டைவிரல் போய் ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம் என்றானது. நான் அதற்கேற்றாற்போல் படத்தில் பட்டைகளை நெருக்கி வரைந்தேன். அதை ஒரு முன்னேற்றம்போல உன்னிடம் வந்து சொன்னேன்.

ஈயம் திருத்திய அந்தப் பழைய பெல் இத்தனை நாளும் உன் விரலடியில்தான் இருந்தது. ஒருநாள்கூட ஏமாற்றவில்லை. நான்தான் அதை நம்பவில்லை.

கடைசியில், முதல்நாள் அடித்துப்போட்ட அந்தச் சின்ன இலவச சாஃப்ட்வேருக்கே திரும்பினேன். ஒன்பது நாளில் படம் முடிந்தது. பீன்யா பட்டறைக்காரரிடம் கொண்டுபோய், எந்த சாஃப்ட்வேர் என்று தேடியே ஐந்து மாதம் போய்விட்டது என்றேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு டிரான்சிஸ்டரு. இத நீங்க பேப்பர்ல கையால வரைஞ்சு குடுத்திருந்தாலே ஃபிலிம் எடுத்துப் போட்டுக் குடுத்திருப்பனேம்மா. எங்கள ஒரு போன் பண்ணிக் கேக்கலாமில்ல?"

போர்டு வந்தது. பச்சையாக, மழமழவென்று, உன் கையில் வைத்தால் கம்பெனிப் பொருள் என்றே சொல்வாய். வீட்டில் உட்கார்ந்து பாகங்களை வைத்தேன். வேலை செய்யவில்லை. மூன்று முறை ஈயத்தை எடுத்து வைத்தேன், அப்போதும் இல்லை. அழாத குறையாக உன்னிடம் கொண்டுவந்து, டார்ச் அடித்து, உன் கண்ணுக்கு எதிரே பிடித்தேன். நீ நெடுநேரம் பார்த்தாய். உன் பார்வை ஒரு டிரான்சிஸ்டரில் நின்றது. அடுத்ததற்குப் போனது. மறுபடி முதலுக்கு வந்தது. அட்டையை எடுத்தேன். தி, ரு, ப்பு.

திருப்பு.

சாஃப்ட்வேரில் இருந்த டிரான்சிஸ்டர் வேறு தேசத்து வகை. நம் எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைப்பதற்குக் கால்களின் வரிசை நேர்மாறு. அத்தனை நாள் அதைத் திரையில் பார்த்த எனக்குத் தெரியவில்லை. ஒற்றை விரல் மட்டும் மிஞ்சிய நீ டார்ச் வெளிச்சத்தில் கண்டுபிடித்தாய். மறுநாள் இரண்டையும் கழற்றித் திருப்பி வைத்தேன். பஸ்ஸர் கத்தியது. "பாஸ் ஆயிடுச்சுடி!" என்று உன் அறைக்குள் ஓடிவந்தேன்.

அம்மா கட்டிலோரம் நின்றிருந்தாள். "வெரலு நேத்துலருந்து அசைய மாட்டேங்குது கண்ணு" என்றாள்.

பழைய பெல்லின் வயரைப் புதுப் போர்டில் மாட்டி, உன் ஆள்காட்டி விரலை எடுத்து நானே பட்டைமேல் வைத்தேன். கீழே பஸ்ஸர் கத்தியது. எடுத்தேன், நின்றது. மறுபடி வைத்தேன். எத்தனை முறை அப்படிச் செய்தேன் என்று தெரியாது. அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அப்போதும் நான் விடவில்லை. சமையல் ஃபாயிலை வெட்டி, வயர் வைத்து, உன் கன்னத்துக்கும் தலையணைக்கும் நடுவே செருகினேன். தலையை ஒரு நூல் அசைத்தால் அடிக்கும் என்று கணக்கு. வியர்வை பட்டதும் தானாகவே அடித்தது. அம்மா பாதிக் குடத்தோடு மேலே ஓடிவருவாள், நீ சும்மா இருப்பாய். மறுபடி இறங்குவாள், மறுபடி அடிக்கும். மூன்றாம் நாள் அம்மா படியில் வழுக்கி முழங்கால் சிராய்த்துக்கொண்டாள். அன்று மாலை நீ கண்களை இறுக மூடிக்கொண்டாய். ஃபாயிலை எடுத்த பிறகுதான் திறந்தாய்.

"பரவால்லடி. புருவத்துல வெக்கலாம். புருவம் அசையுதில்ல? அதுக்கு வேற சர்க்யூட்டு. இப்ப சாஃப்ட்வேர் தெரியும், ரெண்டே வாரம்" என்றேன். வழக்கம்போல் நின்றுகொண்டு, பை தோளில் தொங்க.

நீ அட்டையைப் பார்த்தாய்.

ஈ. ய. ம். அதற்கே வெகுநேரம் ஆயிற்று. ஈயம். பிறகு, தப்பு. பிறகு, போர்டு இல்ல.

ஈயம் தப்பு, போர்டு இல்ல. பெல் அடிக்காத அன்றே உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு வருடம் என் ஜாயின்ட்டுகளைப் பார்த்தவள் நீ. நான் வாய் திறப்பேன் என்று ஐந்து மாதம் காத்திருந்தாயோ என்னவோ. "தெரியும்டி" என்று சொன்னேன்.

நீ மறுபடி அட்டையைப் பார்த்தாய். உ. க். நான் அவசரக்காரியாக, "உடம்பா? உள்ள ஏதாவது பண்ணுதா?" என்று அடுக்கினேன். உனக்குக் கோபம் வந்து கண்ணை மூடினாய். லைனில் ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டும் அதே கோபம். ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். உ. க். கா. ரு.

அம்மா சமையல் மூலையிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்து என் பின்னால் வைத்தாள். நான் பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அதன்பிறகு ஐந்து வாரம் உனக்கு மிச்சம் இருந்தது. தினமும் மாலையில் வந்து அமர்ந்தேன். அது சுகமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். உன் வாயோரம் வழிவதைத் துடைப்பேன். லைனில் யாருக்கு யாரோடு சண்டை என்று சொல்வேன். சொல்லித் தீர்ந்ததும் இருவரும் சும்மா இருப்போம். ஈயமும் அயர்னும் இல்லாத என் கைகள் எங்கே இருப்பது என்று தெரியாமல் கட்டில் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருக்கும். உன் மூச்சு சில சமயம் ஒரு நொடி நிற்கும். அப்போது நானும் நிறுத்துவேன். அதைத் தவிர உனக்காக நான் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். அந்தப் பார்வையில் கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்டிருக்கலாம், அட்டை பக்கத்திலேயே இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

நீ போனது ஒரு காலையில். சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார். அயர்ன் என் கையில் இருந்தது. வைத்துக்கொண்டிருந்த ஜாயின்ட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "பக்கத்துலயேதான் இருந்தேன் கண்ணு, கையப் புடிச்சிகினு. யாரையும் கூப்புடற வேலையே வரல" என்றாள். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் அந்த ஐந்து மாதத்தை நினைத்துக்கொண்டேன். உனக்கு விரல் இருந்த மாலைகள், அட்டையில் இன்னும் வேகமாகப் பேச முடிந்த மாலைகள், அத்தனையும் பிளைவுட் தடுப்புக்குள் போய்விட்டன. எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று தேடிக்கொண்டிருந்தவரை, உன் நோய்க்கு வழி இல்லை என்பதை நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒன்று தோற்றால் இன்னொன்று இருந்தது. பட்டியல் நீளமாக இருந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட இருந்திருக்கும்.

போன வருடம் எங்கள் கீழ்வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அவர் மனைவி படியில் என்னைப் பார்த்து அழுதாள். எனக்கு உடனே மனதில் ஓட ஆரம்பித்தது: எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கட்டில், போனில் இதற்கெல்லாம் ஏதோ ஆப் இருக்கிறதாமே. வாயை மூடிக்கொண்டேன். உள்ளே போய், பையை வாசலிலேயே வைத்துவிட்டு, அவர் தலைமாட்டில் கிடந்த பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். அவர் ஏதோ சொல்ல முயன்றார், விளங்கவில்லை. முந்திக்கொண்டு நான் சொல்லைப் பூர்த்தி செய்யவில்லை, காத்திருந்தேன். அன்று அவர் சொல்ல வந்தது கடைசிவரை எனக்குப் புரியவில்லை. மறுநாளும் போனேன். இன்னும் போகிறேன்.

கைகளை என்ன செய்வது என்றுதான் இன்னமும் தெரியவில்லை. மடியில் வைத்துக்கொள்கிறேன்.